கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!

இங்கிலீஷ் அகராதி போடுகிறவர்களுக்குத் தலைவலி கொடுப்பவை வாயில் நுழையாத பெரிய பெரிய வார்த்தைகள் அல்ல. 'ரன்', 'செட்', 'கோ', 'டேக்' மாதிரி குட்டிக் குட்டிச் சொற்கள்தான். ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியின் 1989-ஆம் வருஷப் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தங்களுக்கு மேல் கொடுத்திருந்தார்கள். அதைத் திருத்தி எழுதுகிறவர்கள் 2011-இல் 'ரன்' என்பதற்கு 645 அர்த்தம் என்று கணக்குச் சொன்னார்கள். அடேயப்பா! ஓடுவதில் இத்தனை விதமா என்று மலைக்க வேண்டாம். நம் தமிழிலும் பஸ் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மாதக் கடைசியில் குடித்தனம் எப்படியோ ஓடுகிறது, இல்லையா?

ஆனால் நம் ஊரில் இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் ஓர் இங்கிலீஷ் வினைச்சொல் இருக்கிறது. படித்தவர், படிக்காதவர், குழந்தை, கிழவி என்று எல்லார் வாயிலும் புரளும் சொல். காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்ததிலிருந்து இரவு தாழ்ப்பாள் போடுவதற்குள் பத்துத் தடவையாவது அது காதில் விழுந்துவிடும். 'அட்ஜஸ்ட்'தான் அது!

நான் இருப்பது தரமணியில். 1970-இல் தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இருப்பது எங்கள் பேட்டையில்தான். பழைய தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பொக்கிஷமாகப் பாதுகாக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இங்கேதான். இத்தனை தமிழ் மணக்கும் இடத்தில் திருவான்மியூர் போக ஷேர் ஆட்டோவில் ஏறினால் காதில் விழும் முதல் வாக்கியம் என்ன தெரியுமா? "அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்கக்கா!" மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் ஏறப்போகிறார் என்று அர்த்தம். 2007-இல் பறக்கும் ரயில் எங்கள் ஊருக்கு வந்தபோது, இனி சௌகரியமாகப் போகலாம் என்று சந்தோஷப்பட்டோம். அந்த ரயில் பெட்டியிலும் இந்தச் சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது!

இது முதல் அர்த்தம்தான். மற்றவற்றையும் கேளுங்கள்.

சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால் ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டு, கொஞ்சம் வெந்நீரும் விட்டு 'அட்ஜஸ்ட்' பண்ணுகிறோம். திடீரென்று இரண்டு விருந்தாளிகள் வந்தால் ரசத்தை நீட்டி அட்ஜஸ்ட் பண்ணுகிறோம். ரவிக்கை பிடித்தால் தையற்காரர், "உள்ளே துணி விட்டிருக்கேம்மா, பிரிச்சு அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்கிறார். மளிகைக் கடைக்காரர் சில்லறை இல்லாவிட்டால், "அடுத்த தடவை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா" என்கிறார். வீட்டுக்காரர் கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் அட்ஜஸ்ட் பண்ணுகிறார். பக்கத்து வீட்டம்மா தயங்கித் தயங்கி வந்து, "ஒரு ஆயிரம் ரூபா அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?" என்றால் அது கைமாற்று. வேலைக்கு உதவி செய்ய வரும் பெண், "நாளைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றால் நாளைக்கு லீவு!

எங்கள் தலைமுறைக்கு இன்னொன்றும் உண்டு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மொட்டை மாடியில் அப்பாக்கள் ஆன்டெனாவை அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்! "இப்ப தெரியுதா?" என்று மேலேயிருந்து ஒரு குரல். "இல்லைப்பா, இன்னும் கொஞ்சம்" என்று கீழேயிருந்து நாங்கள். அந்த வார்த்தையை நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. நகர்ந்து உட்காரு, சரிசெய், ஈடுகட்டு, கழித்துக்கொள், கைமாற்றுக் கொடு, திருப்பி வை, சமாளி, அனுசரித்துப் போ, விட்டுக்கொடு, பொறுத்துக்கொள். ஒவ்வொரு சொல்லும் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பளிச்சென்று சொல்லிவிடும். 'விட்டுக்கொடு' என்றால் ஒருத்தி எதையோ இழக்கிறாள் என்று தெரிகிறது. 'பொறுத்துக்கொள்' என்றால் அங்கே ஒரு வலி இருக்கிறது என்று தெரிகிறது. 'அட்ஜஸ்ட்' என்று சொல்லும்போது மட்டும் இழப்பும் தெரிவதில்லை, வலியும் தெரிவதில்லை. எல்லாம் ஏதோ சீட்டில் நகர்ந்து உட்காருகிற மாதிரி லேசாக ஆகிவிடுகிறது. இதுதான் இந்தச் சொல்லின் சாமர்த்தியம்!

ஒரு 'கோ' செய்கிற வேலை

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஆன்டெனாவையும் ரவிக்கையையும் பற்றிப் பேசும்போது 'அட்ஜஸ்ட் பண்ணு' என்கிறோம். அதாவது, அந்தப் பொருளை நமக்குத் தோதாக மாற்று. ஆனால் மனுஷி என்று வரும்போது 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்கிறோம். கூடவே ஒரு 'கோ' வந்து ஒட்டிக்கொள்கிறது. உடனே அர்த்தம் தலைகீழ்! இப்போது பொருள் மாற வேண்டியதில்லை. நீ மாற வேண்டும்.

மின்விசிறி சத்தம் போட்டால் 'அட்ஜஸ்ட் பண்ணு'. மாமியார் சத்தம் போட்டால் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'. சமையல் மேடை ஆண்பிள்ளைக்கு உயரம் சரியில்லை என்றால் மேஸ்திரியைக் கூப்பிடுகிறோம். அதே மேடையில் இருபது வருஷமாக முதுகு ஒடிய நிற்கிறவளுக்கு, 'பண்ணிக்கோ'!

பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் சமையல், படிப்பு, வேலை எல்லாம் போன பிறகு கடைசியாக இது வரும். என் நாத்தனார் மகளைப் பார்க்க வந்தபோதும் வந்தது. பையனின் அம்மா நல்ல மாதிரிதான். சிரித்துக்கொண்டே, "பொண்ணு எல்லாத்துக்கும் அட்ஜஸ்ட் பண்ணிப்பாளா?" என்று கேட்டார். எல்லாரும் "ஓ, பேஷா!" என்று தலையாட்டத் தயாராகும்போது, மூலையில் உட்கார்ந்திருந்த என் மாமியார் நிதானமாகச் சொன்னார்: "எதுக்கெதுக்குன்னு சொன்னீங்கன்னா பதில் சொல்லலாம்மா. காலையில சீக்கிரம் எழுந்திருக்கணும்னா எழுந்திருப்பா. காரம் கம்மியா சாப்பிடணும்னா சாப்பிடுவா. வேற என்ன?"

அந்த அம்மாளுக்குக் கோபம் வரும் என்று பயந்தோம். வரவில்லை. யோசித்துவிட்டு, "எங்க வீட்டில மூத்தவருக்கு உடம்பு முடியாது, ராத்திரி ரெண்டு தடவை எழுந்து பார்க்க வேண்டியிருக்கும். அதுதான் கேட்டேன்" என்றார். "அதை உங்க பையனும் இவளும் முறை வெச்சுப் பாத்துப்பாங்க" என்றார் என் மாமியார். சம்பந்தம் முடிந்தது. இன்றைக்கு அந்தத் தம்பதிகள் அப்படித்தான் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். 'எதுக்கு?' என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்டிராவிட்டால், அந்தப் பெண் போன மறுநாளிலிருந்து ராத்திரித் தூக்கம் போயிருக்கும். அது அட்ஜஸ்ட்மெண்ட் என்ற பெயரில் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

விட்டுக்கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. நாலு பேர் ஒரு கூரையின் கீழ் இருந்தால் நகர்ந்துதான் உட்கார வேண்டும். திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலேயாவில் டாக்டராக இருந்து, பிறகு ரிஷிகேசத்துக்குப் போய்த் துறவியான சுவாமி சிவானந்தர் தம் உபதேசத்தில் இந்த 'அட்ஜஸ்ட்' என்ற இங்கிலீஷ் சொல்லையே சேர்த்துச் சொல்லியிருக்கிறார். 'நான்' என்ற அகங்காரம் கரைய இது ஒரு சாதனை என்பது அவர் கருத்து. ஆனால் அவர் அதை மருமகள்களுக்கு மட்டும் சொல்லவில்லை. ஆண், பெண், துறவி, குடும்பஸ்தர் எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். நாம்தான் அதைப் புடவைத் தலைப்பில் மட்டும் முடிந்துவிட்டோம்.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. லத்தீனில் 'ஜுக்ஸ்டா' என்றால் 'அருகில்'. 'அருகில் கொண்டு சேர்ப்பது' என்பதுதான் இதன் ஆதி அர்த்தம். பிரெஞ்சு வழியாக வரும்போது, நியாயம் என்று பொருள்படும் 'ஜஸ்ட்' என்ற சொல்லோடு ஜனங்கள் இதைச் சேர்த்து நினைத்துக்கொண்டார்களாம். ஆகவே இந்தச் சொல்லுக்குள் நெருக்கமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் வருவதுதான் அட்ஜஸ்ட்மெண்ட். ஒருத்தி மட்டுமே நகர்ந்துகொண்டே போனால் சுவரில் போய்த்தான் இடிக்க வேண்டும்!

"எதை அட்ஜஸ்ட் பண்ணீங்க?"

என் பெரியக்காவின் விஷயத்தைச் சொல்கிறேன். நாற்பத்து நாலு வயதில் அவளுக்கு மாதவிடாய் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீள ஆரம்பித்தது. போக்கும் அதிகம். "இந்த வயசுல அப்படித்தான்" என்று யாரோ சொல்ல, பேசாமல் இருந்துவிட்டாள். பிள்ளைக்குப் பரீட்சை, அப்புறம் மைத்துனர் கல்யாணம், அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடித்தல் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் ஒரு நாள் துணி உலர்த்தப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 6. கர்ப்பப்பையில் நார்க்கட்டி. "ஏம்மா, இத்தனை மாசம் ஏன் வரலை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன் டாக்டர்."

"எதை அட்ஜஸ்ட் பண்ணீங்க?"

அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. ரத்தம் ஏற்றி, பிறகு கட்டியை எடுத்து, இப்போது நன்றாக இருக்கிறாள். அந்தக் கேள்வியை மட்டும் இன்னும் மறக்கவில்லை. எங்களையும் மறக்க விடுவதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கடைசியில் சாப்பிடுவது, மிஞ்சியதைச் சாப்பிடுவது, இருக்கிற ஒரு முட்டையைப் பிள்ளைக்கு வைப்பது, இவையும் அதில் சேர்த்திதான். நம் பாஷையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: அட்ஜஸ்ட்மெண்ட்.

டாக்டர்களும் இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். தைராய்டு மாத்திரை கொடுத்தால், ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ரத்தம் சோதித்து, பிறகுதான் அளவை அட்ஜஸ்ட் செய்கிறார்கள். சர்க்கரைக்கும் அப்படியே. முதலில் அளந்து பார்ப்பது, பிறகு மாற்றுவது. நாமோ, மாதக் கடைசியில் அட்டை தீரப்போகிறது என்று இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கி 'அட்ஜஸ்ட்' பண்ணுகிறோம்! ரத்தக்கொதிப்பு மாத்திரையில் இந்த விளையாட்டே கூடாது, சகோதரிகளே.

எதை மாற்றலாம், எதைப் பொறுக்கக் கூடாது

உடம்பு விஷயத்தில் 'பண்ணிக்கோ' என்பதை விட்டுவிட்டு 'பண்ணு' என்பதைப் பிடித்துக்கொள்வோம். அதாவது நம்மை வளைக்காமல் பொருளை மாற்றுவோம்.

சமையல் மேடை, முழங்கையை மடக்கி நின்றால் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருப்பது நல்லது. மேடை தாழ்ந்திருந்தால், காய் நறுக்கும்போது கனமான பலகை ஒன்றை மேலே போட்டு உயர்த்துங்கள். உயர்ந்திருந்தால், ஆடாத மணைப்பலகை ஒன்றைக் காலடியில் போட்டு நில்லுங்கள்.

பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் இளம் தாய்மார்கள் குனிந்து குனிந்து முதுகுவலியை வாங்கிக்கொள்கிறார்கள். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். குழந்தைதான் மார்பிடம் வர வேண்டும். மார்பு குழந்தையிடம் போகக் கூடாது. வெளியிடத்தில் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சமாளித்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 350-க்கும் மேற்பட்ட பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பால் கொடுக்கத் தனி அறைகள் திறந்தார்கள். தாய் நகர்ந்து உட்காராமல் பஸ் நிலையம் நகர்ந்து இடம் கொடுத்தது! எனக்கு மிகவும் பிடித்த அட்ஜஸ்ட்மெண்ட் அதுதான்.

வெளியே கிளம்பினால் கழிப்பிடம் கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறோம், வந்தால் அடக்கிக்கொள்கிறோம். நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. போகிற இடத்தில் வசதி உண்டா என்று முன்னதாகவே கேட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். மாதவிடாய் அடியோடு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே பாருங்கள். பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உடம்பைத் தாண்டியும் பொறுக்கக் கூடாதவை உண்டு. பக்கத்து மாநிலமான கேரளத்தில், மலையாளப் பட உலகில் பெண்களின் நிலைமையைப் பற்றி விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. 'அட்ஜஸ்ட்மெண்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற இரண்டு சொற்கள் அங்குள்ள பெண்களுக்கு மிகவும் பழக்கமானவை என்று அதில் எழுதியிருந்தார்கள். வாய்ப்பு வேண்டுமானால் இணங்கு என்பதுதான் அங்கே அதன் அர்த்தம். படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. சீட்டில் நகர்ந்து உட்காரச் சொல்கிற அதே வார்த்தை! அதே லேசான குரல்! பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் அம்மாக்கள் இந்த அர்த்தத்தையும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

வீட்டுக்குள் அடி விழுந்தாலும் அப்படித்தான். அழுதுகொண்டு வரும் பெண்ணை, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று பிறந்த வீட்டார் திருப்பி அனுப்புகிறார்கள். 2005-ஆம் வருஷச் சட்டப்படி, அடிப்பது மட்டுமல்ல, ஓயாமல் இழித்துப் பேசுவதும், சோற்றுக்கும் செலவுக்கும் காசு கொடுக்காமல் வதைப்பதும்கூடக் குடும்ப வன்முறைதான். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். இந்த எண்ணை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். நமக்குத் தேவைப்படாவிட்டாலும் நம் வீட்டுக்கு வந்து போகும் யாருக்காவது தேவைப்படலாம்.

இனி யாராவது நம்மிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், சண்டைக்குப் போக வேண்டாம். என் மாமியார் மாதிரி சிரித்த முகமாக மூன்று கேள்வி கேட்போம். எதை? எத்தனை நாளைக்கு? எதிர்ப்பக்கம் யார் எவ்வளவு நகரப்போகிறார்கள்? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால் தாராளமாக நகர்ந்து உட்காரலாம். தையற்காரர் உள்ளே விட்ட ஓர் அங்குலம் வரை ரவிக்கையைப் பிரிக்கலாம். அதற்கு மேல் பிரித்தால் தையல் தாங்காது என்பது நமக்குத் தெரியாதா என்ன?

இன்னொன்று. வீட்டில் பிள்ளை இருந்தால் அவனுக்கும் இந்த வினைச்சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். "அம்மா படுத்திருக்காங்க, இன்னிக்கு தோசையை நீயே வார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா" என்று ஆரம்பியுங்கள். முதல் தோசை பிய்ந்துதான் வரும். இரண்டாவது சரியாகிவிடும்!